நீங்க அமுக்குங்க மதினி

பலகாரம். பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. பெரிய திரையில எழுத்து ஒவ்வொண்ணா விழுது, ப, கா, தி, ல, ம், ரு, ர, வி, சை, கடைசி எழுத்து விழுந்து நிக்கதுக்குள்ள அந்தச் சொல்லு தானா வந்து எம் முன்னால உக்காந்துக்கிடுச்சு, பலகாரம், அஞ்செழுத்து, இதுல இதவிடப் பெருசு கிடையாது. முப்பது செகண்டு ஓடுது. அடுத்தவங்களுக்கு இந்த முப்பது செகண்டு வார்த்தை தேடதுக்கு, எனக்கு மட்டும் கிடைச்ச வார்த்தையச் சொல்லவா முழுங்கவான்னு முழிக்கதுக்கு. எதுத்த மேசையில சாத்தூர் மதினி கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு எழுத்த மொறைச்சுப் பாக்காங்க. இந்திராணி டீச்சர், தலைமையாசிரியையா இருந்து ரிட்டையரானவங்க, எம் மக அபிநயாவக் கட்டிக்கப்போற பையனோட அம்மா. என் சம்பந்தி. ஆவணியில கல்யாணம், பத்திரிகை அடிச்சு மஞ்சள் தடவி பாதி பேருக்குக் குடுத்தாச்சு, இங்க என்னடான்னா பொண்ணப் பெத்தவளும் பையனப் பெத்தவளும் டிவிக்காரன் போட்ட வெளிச்சத்துல எதிரும் புதிருமா நின்னு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோம். 'சொல்கணக்கு' அரையிறுதி. தோத்தவங்க இன்னைக்கே பெட்டியக் கட்ட வேண்டியது, ஜெயிச்சவங்க இறுதிப்போட்டிக்குப் போக வேண்டியது. ரெண்டு பேரும் தனித்தனியா மனு போட்டோம், ரெண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிடல, வெட்கம், தேர்வாகாமப் போயிட்டா என்ன செய்யன்னு. கடைசியில சீட்டுக் குலுக்கிப்போட்டதுல இப்படி வந்து மாட்டிக்கிட்டோம். அடிப்பாவி செண்பகவல்லி, ஆசை ஆசையா வந்து நிக்க எடத்தப் பாரு.

பாதி நேரம் போயிருக்கும். எங்க வீட்டுக்காரங்க மூணாவது வரிசையில உக்காந்திருக்காக, சம்பந்தி வீட்டு அண்ணாச்சிக்குப் பக்கத்துலயே, தொடையத் தட்டிக்கிட்டு. பதட்டம் வந்தா அவுகளுக்குத் தொடையத் தட்டணும். கோவில்பட்டியில ரயில் ஏறினதுல இருந்து ஒரே பாட்டு, விட்டுக்குடுத்துரு, பொண்ணு வாழப்போற வீடு, மாப்பிள்ளையோட அம்மாவ ஊரு உலகம் பாக்கத் தோக்கடிச்சிட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மண்டபத்துல வாங்கன்னு கும்பிடுவேன்னு. திண்டுக்கல்லு வரைக்கும் சொன்னாக. பெறகு தூங்கிட்டாக. நான் தூங்கல. அவுக சொன்னதுல தப்புன்னு எதச் சொல்ல. எங்க கல்யாணத்தன்னைக்கு எங்கப்பா நின்னது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. மாப்பிள்ளைக்கு மாமா முறை ஒருத்தர், அழைக்கப் போன காருல முன்சீட்டு அவருக்குக் குடுக்கலையாம், பந்தியில உக்கார மாட்டேன்னுட்டாரு. எங்கப்பா இத்தனைக்கும் யாருக்கும் குனியாத மனுசன், பந்தல் வாசல்ல துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு ரெண்டு கையையும் கூப்பி நின்னாரு, நான் மணவறையில இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், புகை கண்ணக் கரிக்குது, அழுதா புகைன்னு நினைச்சுக்கிடுவாங்கன்னு ஒரு தைரியம். அந்தக் கை கூப்புனது எம் மேல ஒட்டிக்கிடுச்சு போல. அன்னையில இருந்து நானும் விட்டுக்குடுத்தே பழகிட்டேன். மாமியார்கூட தாயம் ஆடுனா தெரிஞ்சே காயத் தப்பா நகத்துவேன், இவுககூட கேரம் ஆடுனா சிவப்புக் காய வேணும்னே குழிக்குப் பக்கத்துல விடுவேன். அதுல எனக்கு இருக்க கெட்டிக்காரத்தனம் யாருக்கும் வராது. தோக்கதும் தெரியக்கூடாது, விட்டதும் தெரியக்கூடாது. ஆனா இந்தப் பாழாப்போன ஆட்டம் வேற மாதிரி இருக்கே. பி.எஸ்ஸி கணக்குப் படிச்சு முடிச்ச வருசமே கல்யாணம், அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட இதச் சொல்லு பாப்போம்னு ஒரு கேள்வி கேட்டதில்ல. இங்க வந்து நாலு ரவுண்டு ஜெயிச்சு வந்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள்ள குபீர்னு ஒரு சந்தோஷம், அம்பத்துமூணு வயசுல இப்படி ஒரு சந்தோஷம் இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே. ஜெயிக்கணும் போல இருக்கு. ஐயோ, ரொம்ப ஜெயிக்கணும் போல இருக்கு. காலையில அபிநயா எனக்குச் சேலை மடிப்பு எடுத்து ஊக்குக் குத்திக்கிட்டே சொன்னா, நீ விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சுது, தாலி கட்டி முடியுற வரைக்கும் ஒங்கூடப் பேசமாட்டேன்னு. அவ சொல்லுவா. நாளைக்கு அங்க போய் ஒரு வாய் காப்பி குடிக்கப்போறவ அவதான. அந்தக் காப்பியில கசப்பு ஏறிரக்கூடாதே. மணி அடிச்சிருச்சு. செண்பகவல்லி அம்மா உங்க சொல்? அந்தத் தம்பி, ரோஷன், கேள்வி கேக்கவன், பல்லு முழுக்கத் தெரிய சிரிக்கான். காரம்னு சொல்லிட்டேன்.

காரம். மூணெழுத்து. சொன்ன வாயில நிசமாவே காரம் ஏறுது. மதினி விகாரம்னாங்க, நாலெழுத்து, பெரிய சொல்லுக்கு மட்டும்தான் புள்ளி, அவங்களுக்கு நாலு, ஏற்கெனவே ஆறு முன்னால இருந்தாங்க, இப்பப் பத்து. கைதட்டல். நான் நல்லாச் சிரிச்சேன், தோக்கவ சிரிக்க மாதிரியே அளவாச் சிரிச்சேன், எனக்குத் தெரியாத வேலையா. அப்ப பாத்தாங்க மதினி. கண்ணாடிய மேல ஏத்தி, பரீட்சையில பிட்டடிக்கவளப் பாக்க மாதிரி ஒரு பார்வை. திரையில ரோஷன் இதைவிடப் பெரிய சொல் ஒண்ணு இருக்குன்னு பலகாரத்தக் காட்டுதான். காட்டாம இருந்திருக்கக்கூடாதா. நிச்சயத்துக்கு நான் பத்துத் தட்டு நிறைய பலகாரம் அடுக்கிக் கொண்டுபோனவ, அதிரசம் எப்படி உடையாம வந்துச்சுன்னு அந்தம்மா போன் போட்டுக் கேட்டு எழுதிக்கிட்டாங்க, அவங்ககிட்டப் போய் பலகாரம் எனக்குத் தோணலன்னு நடிச்சா நம்புவாங்களா. தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அடுத்தது கடைசி ரவுண்டு, எண். ஆறு எண்ணு தருவாங்க, கூட்டிக் கழிச்சுப் பெருக்கி வகுத்துக் கேட்ட எண்ணக் கொண்டு வரணும், சரியா வந்தா பத்துப் புள்ளி. இருபத்தஞ்சு, பத்து, எட்டு, ஏழு, மூணு, ரெண்டு. வேணும்ங்கது இருநூத்திநாலு. சப்புன்னு ஆயிருச்சு. இருபத்தஞ்ச எட்டால பெருக்கு, ஏழுல மூணக் கழிச்சு நாலச் சேரு, முடிஞ்சுது, இத ஒண்ணாப்புப் பிள்ள கூடப் போடும். ரெண்டு பேருக்கும் வந்துரும், ரெண்டு பேருக்கும் பத்துப் பத்து, அந்தப் பத்து வித்தியாசம் அப்படியே நிக்கும், நான் தோத்துருவேன், மதினி இறுதிப்போட்டிக்குப் போவாங்க, ஆவணியில கெட்டிமேளம், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மனசு ஏன் இப்படிக் கனக்குதுன்னுதான் தெரியல. மணி அடிச்சுது. நான் என் கணக்கச் சொன்னேன். சரின்னான் ரோஷன். இந்திராணி அம்மா? மதினி நிமுந்து நின்னு, கைய முன்னால கட்டிக்கிட்டு, எனக்கு வரலைன்னாங்க.

வரலையா. முப்பது வருசம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்த பொம்பளைக்கு எட்டு இருபத்தஞ்சு இருநூறு வரலையா. எனக்குச் சட்டுனு உறைச்சுது. இதுதான் இந்தம்மா குணம். நிச்சயம் முடிஞ்ச பெறகு ஒரு தூக்குல மாவடு ஊறுகா குடுத்துவிட்டேன். மறுவாரம் அந்தத் தூக்கு நிறைய காராச்சேவு வந்து நிக்குது. ஒரு எவர்சில்வர் டப்பாவுல புளியோதரைப் பொடி அனுப்புனேன், டப்பாவுல கருப்பட்டி வந்துச்சு. வந்த பாத்திரத்த வெறுமனே திருப்பித் தரக்கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, எல்லா வீட்டுலயும் ஒரு துண்டு வெல்லமாவது வெச்சுத்தான் குடுப்போம், ஆனா இந்தம்மா அளவுக்கு அதப் பிடிச்ச பிடியா நிக்கவங்கள நான் பாத்ததில்ல. பலகாரத்த நான் குடுத்தேன். இருநூத்திநாலத் திருப்பித் தந்துட்டாங்க. பத்துக்குப் பத்து. சமம். ரோஷன் துள்ளுதான், சமநிலை சமநிலைன்னு கத்துதான், பாட்டுப் போடுதாங்க, விளக்கு நீலமாகுது சிவப்பாகுது, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, வாயப் பொத்திக்கிட்டேன், அங்க பாத்தா அவங்களும் உதட்டக் கடிச்சுக்கிட்டு நிக்காங்க.

இடைவேளை. ஒரு பொண்ணு வந்து முகத்துல பஞ்சால ஒத்துது. இவ்வளவு குளிருல ஏம்மா வேர்க்குதுன்னு கேக்கு. சமநிலைன்னா ஒரே ஒரு எண் கணக்கு, யாரு முதல்ல பட்டன அமுக்கிச் சரியாச் சொல்லுதாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. மேசை மேல சிவப்பா, இட்லித் தட்டுக் குழி அளவுக்கு ஒரு பட்டன். அதையே பாத்துக்கிட்டு நிக்கேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் இந்தப் பட்டன் சத்தம்தான் வீட்டுக்குள்ள கேட்டுச்சு. வந்தவங்க கூடத்துல உக்காந்திருக்காங்க, நான் கேசரி எடுத்துக்கிட்டு வாரேன், டிவியில இதே 'சொல்கணக்கு' ஓடுது, யாரோ அமத்த மறந்துட்டாங்க, சத்தத்த மட்டும் குறைச்சிருக்காங்க. எல்லாரும் பொண்ணு எங்க வேல பாக்குதுன்னு பேசிக்கிட்டு இருக்கையில திரையில ஒரு கணக்கு வந்துச்சு. நான் தட்டக் கையில வெச்சுக்கிட்டே விடையச் சொல்லிட்டேன், வாய் தன்னால சொல்லிருச்சு. அதே நேரம் சோபாவுல இருந்து இன்னொரு குரல் அதே விடையச் சொல்லுது. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். மாப்பிள்ளையும் பொண்ணும் அதுக்கப்புறம்தான் பாத்துக்கிட்டாங்க. எனக்கு அந்தம்மாவப் பிடிச்சுப்போச்சு, அதுதான் உண்மை, அன்னையில இருந்தே பிடிச்சுப்போச்சு. பிடிச்சவங்ககிட்டத்தான் பயமும் கூட. பிடிக்காதவங்க கோவிச்சா எனக்கென்ன போச்சு. இவங்க மனசுல ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் அது அபிநயா தலையில விடியுமோ, நல்லா வந்த உறவு ஒரு பட்டனால கெட்டுப்போகுமோ.

வந்துருச்சு. எழுபத்தஞ்சு, எட்டு, ஆறு, நாலு, மூணு, ஒண்ணு. வேணும்ங்கது அறுநூத்திப்பன்னெண்டு. எழுபத்தஞ்சுல ஒண்ணச் சேரு எழுபத்தாறு, எட்டால பெருக்கு அறுநூத்தியெட்டு, நாலு சேத்தா அறுநூத்திப்பன்னெண்டு. எனக்கு வந்த அதே நொடி மதினிக்கும் வந்துருச்சுன்னு அவங்க புருவம் ஏறுனதுல தெரிஞ்சுபோச்சு. என் கை பட்டனுக்கு மேல நிக்குது. அவங்க கையும் பட்டனுக்கு மேல நிக்குது. அமுக்கட்டும், அவங்க பெரியவங்க, பையன் வீடு, அமுக்கட்டும். நான் தாடையால சைகை பண்ணுதேன், நீங்க. அவங்க கையத் திருப்பி விரிச்சு நீட்டுதாங்க, நீங்க. ஐயையோ, நீங்க முதல்ல. அட, நீங்க அமுக்குங்க. வாய்க்குள்ளயே பேசிக்கிடுதோம். நிச்சயத்தன்னைக்கு வாசல்படியில இதே கூத்து நடந்துச்சு, நீங்க முதல்ல ஏறுங்க மதினி, இல்ல நீங்க ஏறுங்கன்னு ரெண்டு பேரும் நின்னதுல பின்னால சீர்தட்டோட வந்தவங்க தெரு வரைக்கும் வெயில்ல நின்னாங்க. டிக் டிக். பாக்க வந்த சனமெல்லாம் எட்டிப் பாக்குது. டங்குனு மணி அடிச்சுது. யாருமே அமுக்கல. ரோஷன் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கான், பாவம் அந்தப் பிள்ள, அம்மா விடை தெரியலையான்னு கேக்கான். தெரியும்னு நாங்க ரெண்டு பேரும் சேந்தாப்ல சொன்னோம். எழுபத்தஞ்சும் ஒண்ணும்னு நான் ஆரம்பிக்கேன், எட்டால பெருக்கின்னு அவங்க தொடருதாங்க, நாலச் சேத்தான்னு ரெண்டு பேரும் முடிச்சோம். ரோஷன் தலையில கைய வெச்சுக்கிட்டு மேடைப் படியில உக்காந்துட்டான். கேமராக்காரன் குலுங்கிச் சிரிக்கான்.

இன்னொரு கணக்குத் தருவோம்னு காதுக்குள்ள யாரோ சொல்லியிருக்கணும், ரோஷன் எந்திரிச்சான். ஒரு நிமிசம் தம்பின்னு மதினி கையக் காட்டி நிப்பாட்டுனாங்க. பள்ளிக்கூட மைதானத்துல ஆயிரம் பிள்ளைகள நிப்பாட்டுன கை, அவன் வாய மூடிக்கிட்டு நின்னுட்டான். மதினி மேசைய விட்டு வெளிய வரல, அங்க இருந்தே என் பக்கம் திரும்புனாங்க. கோவமா இருக்காங்களா. கோவமாத்தான் இருக்காங்க, மூக்கு விடைச்சுப்போய் இருக்கு. கெட்டுப்போச்சு, எல்லாம் கெட்டுப்போச்சு, அவுக திண்டுக்கல்லு வரைக்கும் சொன்னது இதுக்குத்தான், ஆவணி, மண்டபம், எங்கப்பா கை எல்லாம் ஒரே சமயத்துல கண்ணு முன்னால வந்து நிக்குது.

"மதினி, பொண்ணக் குடுத்தீங்க, சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். இதையும் நீங்க குடுத்து நான் வாங்க மாட்டேன். எனக்கு வேணும்னா நானே எடுத்துக்கிடுவேன். முடிஞ்சா தடுத்துப் பாருங்க."

அவ்வளவுதான் சொன்னாங்க. சொல்லிட்டுக் கண்ணாடியத் துடைக்காங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே சொல்லத் தெரியல. முதல்ல அழுகைதான் வந்துச்சு, அப்புறம் அது அழுகை இல்லன்னு தெரிஞ்சுது. முப்பது வருசத்துல என்ன ஒருத்தங்க சண்டைக்குக் கூப்பிட்டதே இல்ல. விட்டுக்குடு, அனுசரிச்சுப் போ, பெரிய மனசு பண்ணுன்னு கேட்டவங்கதான் எல்லாரும். தடுத்துப் பாருன்னு, உன்னால முடியும்னு தெரிஞ்சு, சமமா நிறுத்தி வெச்சு ஒருத்தங்க கேட்டா எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்கேன். அதுவும் பையன் வீட்டு அம்மா. நான் பொண்ணு வீட்டுக்காரின்னு அவங்க மறக்கல, அத ஒரு பொருட்டா எடுக்கல, அவ்வளவுதான். அபிநயாவப் பாத்தேன், மாப்பிள்ளை பக்கத்துல நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் கையக் கோத்திருக்காங்க, எம் மக முகத்துல பயமே இல்ல. இந்த வீட்டுக்குத்தான போறா. இந்த வீட்டுலயா காப்பி கசக்கும்? போறவளுக்கு ஒரு குறையும் வராது. என் இடுப்புச் சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டேன். வாங்க மதினி. வாங்க, பாத்துருவோம்.

அம்பது, ஒம்பது, ஏழு, அஞ்சு, மூணு, ரெண்டு. வேணும்ங்கது நானூத்திமுப்பத்தேழு. ஒம்பது அம்பது நானூத்தம்பது, பதிமூணு போகணும், பதிமூணு, பதிமூணு, எங்க இருக்கு பதிமூணு, ஏழும் அஞ்சும் பன்னெண்டு, ஒண்ணு வேணும், மூணுல ரெண்டு போனா ஒண்ணு, பன்னெண்டும் ஒண்ணும் பதிமூணு, இல்ல இன்னும் சுருக்கா இருக்கு, அஞ்சு ரெண்டு பத்து, மூணு பதிமூணு, ஏழே வேண்டாம், எது வந்தா என்ன அமுக்குடி, எதுத்த மேசையில கை இறங்குது, வளையல் சத்தம் கேக்குது, அமுக்குடி சவமே, ரெண்டு கையையும் சேத்து ஒரே குத்து. என் மேசையில விளக்கு எரிஞ்சுது. என் மேசையில. அவங்க பட்டனும் டொக்குனு கேட்டுச்சு, ஒரு இமை நேரம் பிந்தி. ரோஷன் என் பேரச் சொல்லுதான். அம்பத ஒம்பதால பெருக்கு, அஞ்ச ரெண்டால பெருக்கி மூணச் சேத்துக் கழின்னு சொல்லுதேன், என் குரலு எனக்கே வெங்கலமாட்டம் கேக்குது. நானூத்திமுப்பத்தேழு. சரி. வெடிச்சுது பாருங்க அந்த எடம், கைதட்டு, பாட்டு, தலையில என்னென்னமோ கலர்த் தாளு வந்து கொட்டுது. மூணாவது வரிசையில ஒரு ஆளு எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் தூக்கிக் குதிக்காரு, யாருடா அதுன்னு பாத்தா எங்க வீட்டுக்காரங்க. பக்கத்துல சம்பந்தி அண்ணாச்சி உக்காந்திருக்காருங்கதே அவுகளுக்கு மறந்துபோச்சு. பாத்துக்கிட்டே இருக்கேன், நினைப்பு வந்து சட்டுனு உக்காருதாக, தொடையத் தட்டுதாக, அண்ணாச்சி அவுக தோளப் பிடிச்சு மறுபடியும் தூக்கி நிறுத்துதாரு.

மதினியப் பாக்க பயந்துக்கிட்டே பாத்தேன். மூஞ்சி தொங்கிப்போச்சு. நடிப்பு இல்ல, நிசமாவே தொங்கிப்போச்சு, ஜெயிக்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்திருக்காங்க, தோத்தது அந்த நொடியில அவங்களுக்கு வலிச்சுது, அத மறைக்கக்கூட இல்ல. அந்த வலியப் பாத்ததும்தான் எனக்கு நான் ஜெயிச்சது உறுதியாச்சு. மன்னிச்சுக்கோங்க மதினின்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு, பழக்கம் விடுமா, முழுங்கிட்டேன். மேசையச் சுத்தி வந்து என் கையப் பிடிச்சாங்க, வளையல் பதியுற அளவுக்கு இறுக்கி. நல்லாக் குத்துனீங்க, கை வலிக்குதான்னு கேட்டாங்க. வலிக்குதுன்னேன். வலிக்கட்டும்னாங்க. அதுக்குள்ள ரோஷன் மைக்கக் கொண்டாந்து வாய்க்கு முன்னால நீட்டுதான், எப்படிம்மா ஜெயிச்சீங்க, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு. என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும், ரெடியா நாக்குல நிக்குது, எல்லாம் மதினியோட பெரிய மனசு, ஏதோ என் நல்ல நேரம், ஆண்டவன் புண்ணியம். வாயத் தொறந்தேன். வேற ஒண்ணு வந்துச்சு.

"நான் நல்லா விளையாடுனேன் தம்பி."

இப்படி ஒரு வாக்கியத்த நான் எந்தக் காலத்துலயும் வாய்விட்டுச் சொன்னதில்ல. மூஞ்சி சுடுது. உள்ள இருந்து சிரிப்புப் பொங்கிப் பொங்கி வருது, அடக்க முடியல, அடக்கவும் தோணல. மதினி இன்னும் என் கைய விடல. மைக்க என் பக்கமே தள்ளிவிட்டு, கடைசி வரிசை வரைக்கும் கேக்க மாதிரி தலைமையாசிரியைக் குரல்ல சொன்னாங்க.

"சத்தமா மதினி. எங்க வீட்டாளுக நிறைய பேரு வந்திருக்காங்க, அவங்களுக்குக் கேக்கணும்."

நான் இன்னொரு தடவ சொன்னேன்.